முன் கண்ணாடியின் மேல் மூலை

என்னங்க,

எழுப்ப மனம் வரவில்லை, கோபமும் போகவில்லை. அதனால்தான் இந்தச் சீட்டு. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று ஒழுகல் கண்டுபிடிக்கிறேன் என்று நம் கிழட்டுக் காருக்குள் என்னை உட்காரவைத்து, வெளியிலிருந்து ஹோஸில் தண்ணீர் அடித்தீர்கள். நான் உள்ளேயிருந்து "போதும், நிறுத்துங்க!" என்று கத்தக் கத்த, நீங்கள் "சரி சரி, இன்னும் வேகமா விடறேன்" என்று குழாயை முழுசாகத் திறந்தீர்கள். தொப்பலாக நனைந்து இறங்கினால், "தண்ணி எங்கிருந்து வந்துச்சு?" என்றீர்கள். "நனைஞ்சிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் பதில் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். நான் உட்கார்ந்திருந்த பக்கம், முன் கண்ணாடியின் மேல் மூலையில் ரப்பர் விலகியிருக்கிறது. லிப்ஸ்டிக்கால் வட்டம் போட்டிருக்கிறேன். அதை மட்டும் ஒட்டினால் போதும். டேஷ்போர்டைக் கழற்றினீர்களோ, தொலைந்தீர்கள்.

கார் சாவியைத் தேட வேண்டாம். அழுக்குத் துணிக் கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். நீங்கள் கை வைக்காத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

பி.கு: சாயந்திரம் மழை வரும்போல இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வாருங்கள். கோபம் இப்போது பாதிதான் இருக்கிறது. ஆனாலும் பின் சீட்டில்தான் உட்காருவேன்.