பத்தாயப் பலகையில் ஒரு ஸ்டீரியோ

11 பிப்ரவரி 1996, ஞாயிறு

பூசை முடிந்து டீக்கடைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. என் மகன் கிளாட்சன் மஸ்கட்டிலிருந்து ஸ்டீரியோ செட் அனுப்பியிருக்கிறான். எனக்கு இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் அவன் மாமனாருக்கு.

பக்கத்து வயல் வைரக்கண்ணு சொன்னான். "குழந்தைராஜ் அண்ணே, உங்க சம்பந்தி வீட்டுல பொட்டி வந்து எறங்கியிருக்கு. ஸ்பீக்கரே இம்மாம் பெருசு. உங்ககிட்ட சொல்லலியா?" சொன்னதாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். டீ பாதி கிளாசிலேயே கிடந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவி சகாயத்திடம் கேட்டேன். அவளுக்கு முன்பே தெரியுமாம். "மருமக தலைப்பிரசவத்துக்கு அங்கதான இருக்கா. பொண்டாட்டி இருக்குற எடத்துக்கு அனுப்புறான். இதுல என்னாங்க இருக்கு?" என்கிறாள்.

என்ன இருக்கிறதா? ஒன்றுமே இல்லை!

18 பிப்ரவரி

செட் மட்டும் இல்லையாம். கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, பேசிப் பதிவு செய்த கேசட்டாக அனுப்புகிறானாம் பையன். ஒரு பக்கம் முழுக்க அவன் குரல். மருமகள் அனிட்டா தினமும் போட்டுக் கேட்கிறாளாம். சம்பந்தி ஞானாதிக்கம் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கேட்பாராம்.

பெற்றவன் நான். கேட்பவர் அவர்.

"எனக்கு ஏன் ஒரு கேசட் அனுப்பவில்லை" என்று சகாயத்திடம் கேட்டேன். அவள் முறத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "அனுப்புனா எதுல போட்டுக் கேப்பீங்க? ஒங்க ரேடியோவுக்கு கேசட்டு தின்னத் தெரியுமா?"

27 பிப்ரவரி

தவக்காலத்திலும் அந்த வீட்டில் பாட்டு ஓடுகிறது என்று கேள்வி. சிலுவைப்பாதைக்கு முதல் வரிசையில் நிற்கும் மனிதர்!

3 மார்ச்

முடிவு செய்துவிட்டேன். நானே ஒரு செட் கட்டப் போகிறேன். கடையில் வாங்குவது எனக்கு ஆகாது, அவ்வளவுக்கு வழியும் இல்லை. எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் பம்ப்செட் மோட்டாருக்கு நானே காயில் சுற்றியிருக்கிறேன். ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே கற்றுக்கொண்டேன், யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் மருமகளை அழைத்து வரும்போது இந்த வீட்டில் என் செட் இருக்கும். என் பேரன் தன் அப்பன் குரலை இங்கே கேட்பான். சம்பந்தியின் பெட்டி அங்கேயே கிடக்கட்டும்.

பேரன் என்று எழுதிவிட்டேன். பேத்தியானாலும் சரி.

19 ஏப்ரல்

பேரன்தான். சகாயம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னாள். நெற்றி என்னைப் போலவாம்.

2 மே

உளுந்தை விற்றாகிவிட்டது. அந்தப் பணத்தோடு தஞ்சாவூர் போனேன். கீழவாசலில் யூனுஸ் என்பவர் கடை. ஆம்ப்ளிஃபயர் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேசட் ஓடும் டெக், இரண்டு ஸ்பீக்கர். ட்வீட்டர் என்று பம்பரம் போல் இரண்டு வேறு. பேரம் பேசியே அந்த ஆளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"பெட்டி வேண்டாமா?" என்றார்.

"பெட்டி நான் செய்துகொள்வேன்" என்றேன்.

"ஒயரு? செவப்புக் கோடு போட்டது இருக்கு, ரெண்டு கஜம் தரட்டா?"

மோட்டார் கொட்டகையில் மீந்த ஒயர் சுருளாகக் கிடக்கிறது. அது போதும். கறுப்பாக இருந்தால் கரண்ட் போகாதா? ஒயர் விற்பதற்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

7 மே

பத்தாயத்தைப் பிரித்தேன். அப்பா காலத்தில் குறுவை நெல் கொட்டி வைத்தது. இப்போது அறுத்த கையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது, பத்தாயத்தில் எலிதான் குடியிருந்தது. பலாப்பலகை, விரல் தடிமன். உளி இறங்க மாட்டேன் என்றது.

சகாயம் வாசலில் நின்று கத்தினாள். "சம்பந்தி மேல உள்ள கோவத்துல பத்தாயத்தையே அறுக்குறாரு, பாருங்கடி!" நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

19 மே, ஞாயிறு

திருக்காட்டுப்பள்ளியில் பேரனுக்கு ஞானஸ்நானம். ஜெனித் என்று பெயர். பெயரையும் கேசட்டில்தான் சொல்லியனுப்பினானாம் பையன். பிடிக்கவில்லை என்று யாரிடம் சொல்வது?

விருந்து முடிந்ததும் ஞானாதிக்கம் எழுந்து நின்று, "எல்லாரும் ஒக்காருங்க, மாப்புள பேசப்போறாரு" என்று செட்டைப் போட்டார். வெள்ளை வேட்டி, விரலில் மோதிரம். பொத்தானை ஒரு விரலால் மெல்ல அழுத்துகிறார், ஏதோ நற்கருணைப் பேழையைத் திறக்கிற மாதிரி.

"மாமா, அத்தை, நல்லா இருக்கீங்களா..." அதுதான் முதல் வார்த்தை. மாமா. பிறகு அத்தை. பிறகு அனிட்டா, பிள்ளை. ரொம்ப நேரம் கழித்து, "அப்பாகிட்ட உளுந்து எப்புடின்னு கேட்டேன்னு சொல்லுங்க."

சொல்லுங்க! நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கை கழுவப் போகிறவன் போல வெளியே வந்து, அப்படியே பஸ் ஏறிவிட்டேன். சகாயம் அடுத்த பஸ்ஸில் வந்தாள்.

16 ஜூன்

பாடிவிட்டது!

மாதா பாட்டுக் கேசட் போட்டேன். சத்தம் பெட்டியிலிருந்து வருவதாகவே தெரியவில்லை. சுவரிலிருந்து, கூரையிலிருந்து, எனக்குப் பின்னாலிருந்து வருகிறது. வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இரண்டு பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்தான். "பாட்டு எங்கேருந்து வருதுன்னே தெரியலண்ணே" என்றான். அதுதான் ஸ்டீரியோ என்று சொன்னேன். சம்பந்தி வீட்டுச் செட்டில் பாடுகிறவன் நடுவில் ஓர் இடத்தில் நின்றுகொண்டிருப்பான். என்னுடையது வீட்டையே நிறைக்கிறது.

அடிச்சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு. பலா மரம் இறுகிப் போயிருக்கிறது, பாடப் பாடப் பழகும்.

சகாயம் அடுப்படியிலிருந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைப் போடச் சொன்னாள்.

9 செப்டம்பர்

மாதா பிறந்தநாள் முடிந்ததும் மருமகளை அழைக்கப் போனோம். ஐந்தாம் மாதத்தில் நாம் போய் அழைத்தால்தான் வருவாள், அதுதான் முறை. இல்லாவிட்டால் அந்தப் படி ஏறியிருக்க மாட்டேன்.

பேரன் பாயில் கிடந்தான். ஞானாதிக்கம் கேசட்டைப் போட்டார். கிளாட்சன் குரல் வந்ததும் பிள்ளை காலை உதைப்பதை நிறுத்திவிட்டுப் பெட்டிப் பக்கம் தலையைத் திருப்பியது. பொக்கை வாயால் சிரித்தது. "தினமும் இப்புடித்தான் சம்பந்தி. அப்பன் கொரல் கேட்டாத்தான் தூங்குவான்" என்றார். ஏதோ அவரே பேசியது போல.

கிளம்பும்போது சீரோடு சீராகச் செட்டையும் வண்டியில் ஏற்றப் போனார்கள். "அது இங்கேயே இருக்கட்டும். என் வீட்டில் இருக்கிறது" என்றேன். அனிட்டா, "மாமா, பிள்ளைக்கு அதுல கேட்டுத்தான்..." என்று ஆரம்பித்தாள். சகாயம் என் விலாவில் இடித்தாள். நான் அசையவில்லை. கேசட்டுகள் மட்டும் வந்தன, ஒரு பை நிறைய.

10 செப்டம்பர்

எப்படி எழுதுவது.

சாயங்காலம் கேசட்டைப் போட்டேன். பிள்ளையை இரண்டு பெட்டிக்கும் நடுவில் கிடத்தினேன். கிளாட்சன் பேசுகிறான், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. குரலுக்கு உடம்பே இல்லை. பிள்ளை இங்கே பார்த்தது, அங்கே பார்த்தது, அழுதது. அழுது அழுது தூங்கியது.

"மாமா, வேற கேசட்டு போட்டுப் பாக்கலாமா" என்றாள் அனிட்டா. அவளாவது பரவாயில்லை. சகாயம் சொன்னதுதான்... "பெத்த அப்பன் கொரலு இந்த வூட்டுக்கு வந்தா பிள்ளைக்கே அடையாளம் தெரியல. அம்புட்டு ராசி உங்களுக்கு."

14 செப்டம்பர்

கேசட் நாடா உரசும் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். பெல்ட் மாற்றினேன். பாட்டு நன்றாகப் பாடுகிறது. பேச்சு மட்டும் ஏன் இப்படி? பையன் பேசிய மைக்கில் கோளாறா? பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறது. அனிட்டா அம்மா வீட்டுக்குப் போன் செய்யப் போனாள், திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

போய்விடுவாளோ?

யூனுஸ் பாயிடம் கேட்கலாம். கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று என்னால் இருக்க முடியாது. அப்படித்தான் நான்.

16 செப்டம்பர்

ஒரு கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் திருக்காட்டுப்பள்ளி போனேன். "இந்தக் கேசட் பழுதா என்று பார்க்க வேண்டும்" என்றேன். ஞானாதிக்கம் போட்டார். இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒரு கை தூரத்தில், கிளாட்சன் உட்கார்ந்து பேசினான். தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது. கையை நீட்டித் தொடலாம் போல இருந்தது.

அவர் மோர் கொண்டு வர உள்ளே போனபோது செட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். இரண்டு ஒயரிலும் ஒரு பக்கம் சிவப்புக் கோடு. இரண்டு பெட்டிக்கும் கோடு போட்ட முனை சிவப்புத் துளையில்தான் போய் மாட்டியிருக்கிறது.

என்னுடையது இரண்டு முனையும் கறுப்பு. எது எங்கே போகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பெட்டியின் ஒயரில் மட்டும் இரண்டு முனையையும் இடம் மாற்றி மாட்டினேன். அவ்வளவுதான். கிளாட்சன் கிணற்றிலிருந்து ஏறி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். அடிச்சத்தமும் வந்துவிட்டது. மூன்று மாதமாக ஒரு பெட்டி முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்திருக்கிறது. அதைத்தான் நான் ஊரைக் கூட்டிப் பெருமை பேசியிருக்கிறேன்.

பிள்ளை தலையைத் திருப்பியது. சிரித்தது.

"என்ன மாமா பண்ணுனீங்க?" என்றாள் அனிட்டா.

"ஹெட்டில் அழுக்கு" என்றேன்.

3 நவம்பர்

அனிட்டாவின் தங்கை ஜாஸ்லின் வந்திருந்தாள். "எங்க வீட்டு செட்ட விட இதுல அத்தான் கொரல் நல்லா இருக்கு" என்றாள். திரும்பவும் சொல்லச் சொல்லலாம் என்று தோன்றியது. ஜெனித் இப்போது தவழ்ந்து போய்ப் பலாப்பெட்டியைத் தட்டுகிறான். "ப்பா" என்கிறான்.

20 டிசம்பர்

கிளாட்சன் வந்துவிட்டான். திருச்சியிலிருந்து கார் வைத்து, நேராக இங்கே. முதலில் இந்த வீட்டுக்கு. சம்பந்தி குடும்பமும் இங்கேதான் வந்து காத்திருந்தார்கள். ஞானாதிக்கம் என் கூடத்தில் என் நாற்காலியில்.

கிளாட்சன் கையை நீட்டினான். "ஜெனித்து குட்டி, அப்பா வந்துட்டேன் பாரு." பிள்ளை அந்தக் குரலைக் கேட்டதும் துள்ளியது. துள்ளிக்கொண்டு பெட்டியைப் பார்த்தது. திரும்ப, "இங்க பாருடா, அப்பா இங்க" என்றான். பெட்டியைப் பார்த்துச் சிரித்தது. அவன் தூக்கியதும் வீறிட்டு, பெட்டிப் பக்கம் இரண்டு கையையும் நீட்டியது.

எல்லோரும் சிரித்தார்கள். சகாயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிளாட்சனும் சிரித்தான். பிறகு கொல்லைப்பக்கம் போய் அடிபம்பில் முகம் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தண்ணீர் நின்ற பிறகும் பம்பைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

21 டிசம்பர்

விடியுமுன் ஒயரைப் பிடுங்கிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றினேன். சகாயம் பார்த்துவிட்டாள். "இவ்வளவு பாடுபட்டுட்டு... ஏன்?"

"எலி" என்றேன்.

காலையில் பிள்ளை காலிச் சுவரைப் பார்த்து அழுதது. பிறகு அழவில்லை. மத்தியானம் கிளாட்சன் பேசப் பேச அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மீசையைப் பிடித்து இழுத்தது.

22 டிசம்பர், ஞாயிறு

இன்று சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளைக்கு விருந்து. கிளாட்சனும் மற்றவர்களும் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் அதற்கு முன்பே சைக்கிளை மிதித்துப் போனேன். ஒரு சாக்கும் இல்லாமல் நானாக அந்தப் படி ஏறியது இதுதான் முதல் தடவை.

"சம்பந்தி, அந்தச் செட்டை உள் அறைக்குள் வைத்துவிடுங்கள். அவன் திரும்பிப் போகிறவரை" என்றேன்.

ஞானாதிக்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிட்டார். "இன்னுமா சம்பந்தி உங்களுக்கு இந்த செட்டு ஆகல?"

கிளாட்சன் அடிபம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை இவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

"ஆகல" என்றேன்.

ஒரு பெட்டியை அவர் தூக்கினார். மற்றதை நான் தூக்கினேன். என்னுடையதை விட இலேசுதான்.