உள்ள வரட்டுங்களா

சோலைமட்டம் எஸ்டேட்,
மூணாறு வழி,
8-7-1973

அன்புள்ள அய்யனுக்கு,

ஆத்தாவைச் சமையற்கட்டுத் தரையில் மத்தியானம் வரைக்கும் கிடக்கவைத்தது நீங்கள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மலைக்குத் திரும்பியபின் எழுதுகிறேன்.

நீங்கள் சந்தைக்குப் போயிருந்தீர்கள். ஆத்தா அண்டாவுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். மாட்டுக்கொட்டிலில் இருந்த பெரியமுத்து ஓடிவந்து பின்வாசலில் நின்று, "ஏனுங்க பண்ணாடிச்சி, உள்ள வரட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறான். இடுப்பு ஒடிந்து கிடந்தவள், "வேண்டாண்டா, அவரு வந்தா வைவாரு. அங்கயே நில்லு" என்றாளாம். பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடினான். அங்கேயும் எல்லாரும் சந்தைக்குப் போய்விட்டார்கள். திரும்பிவந்து நின்றான். நீங்கள் வரும்வரை அவள் உள்ளே முனகிக்கொண்டிருந்தாள், அவன் வெளியே அழுதுகொண்டிருந்தான். தான்தான் குற்றம் செய்தவன்போல இதை என்னிடம் பஸ் நிறுத்தத்தில் சொன்னான்.

ஆத்தா வீடு திரும்பும் முன் இதைச் செய்யுங்கள். வழவழப்பான காவித் தரையைக் கொத்திவிட்டுச் சொரசொரப்பாகச் சிமெண்டு பூசுங்கள். குனியாமல் மொள்ளும்படி அண்டாவை மேடை மேல் ஏற்றுங்கள். கட்டிலிலிருந்து பின்வாசல்வரை பிடித்து நடக்கச் சுவரில் மரக்கம்பு அடியுங்கள். நிலைப்படியை அறுத்துத் தாழ்த்துங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பெரியமுத்துவும் அவன் பெண்சாதி பொன்னாத்தாளும் உள்ளே வரலாம் என்று அவர்கள் காதில் விழச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
மாரப்பன்


எருத்தேன்பதி,
2-8-1973

சிரஞ்சீவி மாரப்பனுக்கு ஆசீர்வாதம்.

உங்காத்தா வீட்டுக்கு வந்தாயிற்று. உன் கடுதாசியை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. மகன் தகப்பனுக்கு இப்படி எழுதுகிறான் என்று தெரிந்தால் அதற்கும் அழுவாள்.

தரை பூசினேன். மேடை கட்டினேன். கம்பு அடித்தாயிற்று. மஞ்சள் வைத்துக் கும்பிடுகிற நிலைப்படியில் வாள் வைக்க ஆசாரிக்கே மனசு வரவில்லை. நானே வாங்கி முதல் இழுப்பு இழுத்தேன். உங்காத்தா கம்பைப் பிடித்து நாலடி நடந்துவிட்டு, "பஸ்ஸுல நின்னுட்டுப் போறாப்பல இருக்குது" என்று சிரித்தாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

நீ கடைசியாகச் சொன்னது மட்டும் ஆகாது. பெரியமுத்து கெட்டவன் என்றா சொல்கிறேன்? என் நிலத்தில் அவன் குடிசை இருந்த பத்து சென்ட்டை நிலச்சீர்திருத்தச் சட்டம் அவனுக்கே வாங்கிக் கொடுத்துவிட்டது. இனி என் அடுக்களையும் வேண்டுமா? மலைமேல் உட்கார்ந்து நியாயம் பேசுகிறாயே, உன் குவார்ட்டர்ஸ் அடுப்பங்கரைக்குள் கொழுந்து கிள்ளுகிறவள் வருகிறாளா? முதலில் அதை எழுது.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

செங்கோட்டையன்


எருத்தேன்பதி,
19-9-1973

சிரஞ்சீவி மாரப்பனுக்கு,

பதிலையே காணோம். நான் கேட்டது உறைத்துவிட்டதா?

பயப்படாதே, சின்ன விஷயம்தான். திங்கட்கிழமை கொட்டில் ஈரத்தில் கால் வாரிவிட்டது. முழங்கால் வீக்கம். பெரியமுத்து என்னைக் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு பின்வாசல்வரை வந்தான். "ஏனுங்க, அப்படியே கட்டல்ல கொண்டாந்து போட்டுரட்டுங்களா?" என்றான். "எறக்குடா இங்கயே" என்றேன். அவன் தொட்டதற்கு நான் குளித்தால் போயிற்று. வீடு குளிக்குமா?

படி தாழ்ந்திருந்தது வசதியாகப் போயிற்று. உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து உள்ளே போய்விட்டேன். உங்காத்தா கம்பைப் பிடித்து எழுந்துவந்து கை கொடுத்தாள். நீ சொன்ன ஏற்பாடு எவ்வளவு உபயோகம் பார்!

செங்கோட்டையன்


சோலைமட்டம் எஸ்டேட்,
27-9-1973

அன்புள்ள அய்யனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று ஃபேக்டரிக்குப் போகவில்லை. ஆத்தா தடுக்காமல் நடக்கத்தான் அந்தப் படியை அறுக்கச் சொன்னேன், நீங்கள் உட்கார்ந்து நகர்ந்து போக அல்ல. உடைந்த இடுப்போடு ஒருத்தி எழுந்துவந்து உங்களுக்குக் கை கொடுத்தாள். தூக்கத் தெம்புள்ள ஆள் வெளியே நின்று பார்த்தான். இதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள்.

கேட்டதற்குப் பதில்: வருகிறாள். பெயர் சின்னத்தாய். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்து எனக்குச் சமைக்கிறாள். போன வருஷம் நீங்கள் இங்கே வந்தபோது, "உங்காத்தா வெக்கறாப்பலயே இருக்குதுடா" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினீர்களே, அந்தக் குழம்பும் அவள் வைத்ததுதான். நீங்கள் இருக்கும்வரை கண்ணில் படாதே என்று அவளிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

உங்களுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை, அய்யா. வீட்டுக்கும் ஆகாது.

மாரப்பன்


சோலைமட்டம் எஸ்டேட்,
4-12-1973

அன்புள்ள அய்யனுக்கு,

அக்டோபரில் எழுதியதற்கும் பதில் இல்லை. ஆத்தாவுக்கு அனுப்பிய கம்பளி, வாங்க மறுத்ததாகத் திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு எழுதத் தெரியாது. உங்களிடம் சொல்லி எழுதச் சொன்னாளா, சொல்லப் பயந்தாளா, இங்கிருந்து எனக்கு எப்படித் தெரியும்?

குழம்பைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டேன். இனி என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டீர்கள், அது தெரிகிறது. உங்கள் வீட்டுக்குள் என்னையும் விடவேண்டாம். பின்வாசலிலேயே நிற்கிறேன்.

ஆனால் சந்தை நாளன்று அவள் தனியாக இருக்கிறாள். போவதற்கு முன் பெரியமுத்துவைக் கூப்பிட்டு, ஆத்தாவுக்கும் கேட்கும்படி, "பண்ணாடிச்சி கூப்புட்டா உள்ள போ" என்று சொல்லுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

போன தடவை வைத்த பதில் கார்டு வரவில்லை. இதோ இன்னொன்று, விலாசம் எழுதியே வைத்திருக்கிறேன். சொன்னீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதிப் போடுங்கள்.

மாரப்பன்