கீரி உருண்டையும் பாலத்தடிக் கடைச் சாவியும்

பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் வேளைக்குச் சாப்பிட்டு, நடுநடுவே சண்டையும் போட்டு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். விஷயம் இதுதான். உன் வீடியோ கேம் கேசட்டை, அந்தக் கீரி உருண்டை ஆட்டத்தை, போன சனிக்கிழமை விற்றுவிட்டேன். அதே சனிக்கிழமை அதே மேசையில் பாலத்தடிக் கடையும் உன் கையைவிட்டுப் போய்விட்டது. போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், இல்லாவிட்டால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். காகிதத்தோடு யாரும் சண்டை போட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உள்ளே மடித்து இன்னொரு காகிதமும் வைத்திருக்கிறேன், அதை இப்போது பிரிக்காதே, இதைப் படித்து முடித்துவிட்டுப் பிரி.

முதலில் வீட்டுச் சேதி. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியவில்லை என்கிறார், சிகரெட் பிடிக்க மொட்டை மாடிக்கு மட்டும் எப்படியோ ஏறிவிடுகிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் வாஷரை மாற்றிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார், நாலாவது தடவை வரட்டும், வாளியைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிறேன். எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, பதினைந்து நாளாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறேன், இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும். உன் ஆபீசில் உனக்குப் பின்னால் சேர்ந்தவளுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள் என்று போன கடிதத்தில் இரண்டு பக்கம் அழுதிருந்தாய். அழுகைக்கு எந்த ஆபீசிலும் சம்பளம் கிடையாது. உன்னிடம் இல்லாத எது அவளிடம் இருக்கிறது என்று பார்த்து வை, அது போதும். அறையில் கூட இருக்கிறவளுக்கு உன் குளிர் கோட்டை இரவல் கொடுத்தாயாமே, திருப்பிக் கேட்டு வாங்கு, கேட்க வெட்கமாக இருந்தால் கொடுத்திருக்கக் கூடாது.

இனி உன் தம்பி விஷயம். நத்தை என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் நான்தான், பள்ளிக்கூடம் போகும்போது ஷூ கயிறு கட்ட அரை மணி நேரம் எடுத்ததால் வைத்தேன், இன்று நம் பழைய சாமான் கடையில் வேலை செய்கிறவர்கள்கூட நத்தையண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் முப்பத்தொரு வயதில் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான். கை சுத்தம், ரிப்பேர் வேலை சுத்தம், வாய்தான் வியாபாரத்துக்கு ஆகாத வாய். மின்விசிறி வாங்க வந்தவரிடம், கேட்காமலேயே, சார் இதுல காயில் திரும்பக் கட்டினது, ரெண்டு வருஷம் ஓடினா பெரிசு என்று சொல்லி அனுப்பிவைத்தவன். அப்படிப்பட்டவன் மூன்று மாதம் முன்னால் நடுக்கடையில் வந்து நின்று, பாலத்தடிக் கடையை நான் பாத்துக்கறேம்மா, அது சும்மாத்தானே பூட்டிக் கிடக்கு என்றான். அது சும்மா பூட்டிக் கிடக்கவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நீ ஊரைவிட்டுப் போன வருஷம் உன் பெயரில் எழுதி, நீ வந்து திறப்பாய் என்று பதினோரு வருஷமாக நான் பூட்டி வைத்த கடை அது. அதை அவனிடம் சொல்ல வேண்டியதில்லை என்று, எப்போதும் சொல்வதையே சொன்னேன். மொதல்ல அக்கா நம்பரைத் தாண்டுடா, தாண்டினா அன்னைக்கே சாவி உனக்கு என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் இடது கை எங்கே இருந்தது என்று கவனிக்கவில்லை.

நம் கடை வழக்கம் நீ மறந்திருக்க மாட்டாய். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேரம் பேசலாம், பணம் வைக்கிற டிராயர் மேல் இடது கையை வைத்து நான் ஒன்று சொல்லிவிட்டால் அதுதான் விலை, பிறகு அதை நானே மாற்ற முடியாது. நடைபாதையில் சாக்கு விரித்துப் பழைய சார்ஜர் விற்ற காலத்தில் தகர டப்பாவின் மேல் வைத்த கை அது, அந்தக் கையை நம்பித்தான் இன்றும் வெளியூரிலிருந்து ஆள் வருகிறது. பில் போடுகிற பெண் அன்று மத்தியானம் என்னிடம் வந்து, அம்மா, நத்தையண்ணாகிட்ட கை வைச்சுச் சொல்லிட்டீங்களே, பாத்தீங்களா என்றாள். பார்க்கவில்லை. ஆனால் பயப்படவும் இல்லை. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்பது நீ பதினாறு வயதில் போட்ட நம்பர், இருபது வருஷமாக அந்தக் கேசட்டில் முதல் வரியில் உன் பெயரோடு நிற்கிறது. அவன் கணக்கில் தோற்றபோதும் அதைத்தான் சொன்னேன், வேலை கிடைக்காதபோதும் அதைத்தான் சொன்னேன், அக்கா நாலு லட்சம், நீ என்னடா. இவனாவது தாண்டுவதாவது என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆட்டத்துக்கு விலை இருக்கிறது என்பதே அதற்குப் பிறகுதான் தெரிய வந்தது. வெளியூர்ப் பல் டாக்டர் ஒருவர் பழைய கேசட் சேர்க்கிறவர், கடைக்குப் போன் செய்து கேட்டார். கீரி ஆட்டம் மொத்தம் பன்னிரண்டாம், பதினொன்று அவரிடம் இருக்கிறது. பதினொன்றிலும் அந்தக் கீரி கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறது, நம்மிடம் இருந்த இந்த ஒன்றில் மட்டும் அதைக் கைகாலோடு சுருட்டிப் பந்தாக்கி, சாய்ந்த மேசையில் விட்டு, கீழே விழ விழ இரண்டு மட்டையால் மேலே அடிக்கிறார்கள். ஓடுகிற கீரியை வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு அடிபடுகிற கீரி பிடிக்கவில்லை போலிருக்கிறது, அப்போது விற்காமல் போனதால் இப்போது கிடைப்பதில்லை. உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி பழசாக இருந்தால் பதினாறாயிரம், புதுசு போட்டுக் கொடுத்தால் பதினெட்டாயிரம் என்றார். ஒரு பல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள் டாக்டர் என்றேன், சிரித்துவிட்டுச் சரி என்றார். பதினெட்டு, ஒரு பல் என்று கை வைத்துச் சொல்லி முடித்தேன்.

நத்தை தினமும் சாப்பாட்டு நேரத்தில் பின்னாலிருக்கும் சரக்கறையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை பில் போடுகிற பெண் ஓடி வந்தாள், அம்மா, தாண்டிட்டாரு, நாலு லட்சத்துப் பத்தொம்பதாயிரம் என்று. அவளுக்குப் பின்னாலேயே அவனும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து நீட்டினான். நான் படத்தைப் பார்க்கவே இல்லை. படத்தப் பாத்து நம்ம கடையில வெலை சொல்றதுண்டா, பொருளைக் கொண்டா என்றேன். கேசட் போடுகிற கை மெஷினில் சார்ஜ் இறங்கிக் கிடக்கிறது, ஏறட்டும், காட்டுகிறேன் என்றான். ஏறட்டும் என்று சொல்லி, அவனை ஊரின் அந்தக் கோடியில் ஒரு வீட்டுக்கு வாஷிங் மெஷின் பார்க்க அனுப்பினேன். வேண்டுமென்றேதான் அனுப்பினேன். மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் கேசட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு செல்போன் மெக்கானிக்கிடம் போனேன். அவர் நல்ல மனுஷன், திருகாணியில் கை வைக்கும் முன்னால் கேட்டார், அக்கா, பேட்டரிய எடுத்தா உள்ள இருக்கற ஸ்கோரெல்லாம் அழிஞ்சுடும், பரவாயில்லையா என்று. அதுக்குத்தாம்ப்பா வந்திருக்கேன் என்றேன். உன்னிடம் மறைப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. கடை உன்னுடையது என்று நினைத்தேன், உனக்காகச் செய்தேன், செய்ததற்கு வெட்கப்படவும் இல்லை. கணக்குத் தப்பியதற்குத்தான் வெட்கம், அது எங்கே தப்பியது என்று சொல்கிறேன்.

ஒன்பது மணிக்கு அவன் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தான், பில் பெண், பார்சல் கட்டுகிற அம்மா, பேப்பரும் கையுமாக உன் அப்பாகூட. மெஷினைப் போட்டான். ஐந்து வரி, ஐந்திலும் சைபர். எங்கடா, காட்டு என்றேன். அவன் கேசட்டை உருவித் திருப்பிப் பார்த்தான், திருகாணி புதுசா கீறியிருக்கும்மா என்றான், அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்குச் சுலபம், இரண்டு திட்டு திட்டி அனுப்பியிருப்பேன். அழாமல் போய் அந்த வாஷிங் மெஷின் மோட்டாரைப் பிரித்து உட்கார்ந்துகொண்டான். உன் அப்பா மட்டும், இது உனக்கே அதிகமா தெரியலையா என்றார். நீங்க பேப்பரைப் படிங்க என்றேன், படித்தார்.

சனிக்கிழமை பல் டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பூதக்கண்ணாடி வைத்து ஓரம் ஓரமாகப் பார்த்துவிட்டு, புதுப் பேட்டரி ஸ்கோரைப் பிடித்து வைக்கிறதா என்று தெரிய வேண்டும், ஒரு ஆட்டம் ஆடி அணைத்துப் போட்டுக் காட்டுங்கள் என்றார். அதை ஆடத் தெரிந்தவன் கடையில் ஒருவன்தான். நத்தையைக் கூப்பிடு என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான், பந்தை ஒரு தடவை மேலே ஏவிவிட்டான், இரண்டு மட்டையையும் தொடவே இல்லை. கீரி உருண்டு உருண்டு வந்து நடுவில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது, மூன்றாவதும் விழுந்தது. எண்ணூறு. அதை முதல் வரியில் தன் பெயரோடு போட்டான், அணைத்தான், திரும்பப் போட்டான், நின்றது. டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். இவன் என் பக்கம் மெஷினைத் திருப்பி, அக்கா நம்பர் என்னம்மா என்றான். எனக்குப் புரியவில்லை. இங்க அக்காவே இல்லயேம்மா, மத்த நாலு வரியும் சைபர், நான் எண்ணூறு, தாண்டிட்டேன் என்றான். அங்கேதான் கணக்குத் தப்பியது பெரியவளே. அவன் நம்பர் அழியும் என்று மட்டும் பார்த்தேன், உன்னுடையதும் அதே பேட்டரியில்தான் உயிரோடு இருந்தது என்பதைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷ வியாபாரத்தில் இப்படி நான் ஏமாந்ததில்லை, அதுவும் என் கைக்காசு கொடுத்து.

பில் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் என்ன விஷயம் என்று கேட்க, பார்சல் கட்டுகிற அம்மா சந்தோஷமாக முழுக் கதையும், டிராயர், கை, சாவி எல்லாம் சொல்லி முடித்தாள். அவர் பணத்தை எடுத்த கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, அம்மா, நீங்க கை வைச்சுச் சொன்னீங்கன்னுதான் நானும் பஸ் ஏறி வந்தேன் என்றார். ஆனாலும் நான் விடாமல், இது ஒரு ஜெயிப்பாடா, அவ போட்டது நாலு லட்சம், நீ போட்டது எண்ணூறு என்றேன். அவன் குரலை உயர்த்தாமல், அந்த நாலு லட்சத்தயும் நான்தாம்மா போட்டேன், எனக்குப் பதினொண்ணு வயசு, பேர் போடற எடத்துல அவ பிடுங்கி அவ பேரைப் போட்டுக்கிட்டா, உங்கிட்ட சொன்னா நம்பவா போறேன்னு விட்டுட்டேன் என்றான்.

உண்மையா என்று உன்னைக் கேட்கவில்லை, பதில் எழுதித் தபால் தலையை வீணாக்காதே. நான் நம்பிவிட்டேன். உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன், ஆனால் அவன் நம்பரை வைத்தே நான் அவனை அடிக்க, இருபது வருஷம் நீ பார்த்துக்கொண்டிருந்தாய், அந்த அளவு என்னாலும் முடிந்திருக்காது. உன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்து உன் பெயரில் கடை வைத்தேன். நீ கெட்டிக்காரிதான், கடைதான் உனக்கு இல்லை. சாவியைக் கொடுத்தபோது அவன் நன்றி என்று சொல்லவில்லை, ஒரு நிபந்தனை சொன்னான், அதைக் கீழே எழுதியிருக்கிறேன். முப்பத்தொரு வருஷத்தில் அன்றுதான் என் பிள்ளை மாதிரி பேசினான்.

இப்போது அந்தக் காகிதத்தைப் பிரி, கடையை உன் பெயரிலிருந்து அவன் பெயருக்கு மாற்றுகிற பத்திரம் அது. பென்சிலால் புள்ளி வைத்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பு, சாதாரணத் தபாலில் அனுப்பாதே. போடமாட்டேன் என்று முரண்டினால் எனக்கு நஷ்டமில்லை, அவன் உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது, நீதான் அலைய வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, கோட்டை வாங்க மறக்காதே. எது எப்படியானாலும் நீ என் வயிற்றில் பிறந்தவள், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு.

பேசி முடித்தது இது. பல் டாக்டர் கேசட்டுக்குப் பதினெட்டாயிரம் கொடுத்தார், வருகிற புதன்கிழமை என் பல்லைக் காசு வாங்காமல் பிடுங்குகிறார். பதினெட்டாயிரமும் உன் தம்பிக்கு, அவன் நம்பரில் உன் பெயர் இருபது வருஷம் குடியிருந்ததற்கு வாடகை. பாலத்தடிக் கடை அவன் பெயருக்கு, உள்ளே இருக்கிற சரக்கு என்னுடையது, அதற்கு மாதம் பன்னிரண்டாயிரமாக மூன்று வருஷம், ஐந்தாம் தேதி தவறினால் சாவி திரும்ப என் கைக்கு. அவன் சொன்ன நிபந்தனை, அந்தக் கடைக்கு நான் போனால் வாடிக்கையாளர் நிற்கிற பக்கம்தான் நிற்க வேண்டும், ஒப்புக்கொண்டேன். உனக்கு வீட்டில் மாடி அறை, வருஷத்துக்குப் பதினைந்து நாள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும். எழுதுகிறது வலது கை. இடது கை டிராயர் மேல் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா