ஒரு குப்பிக்குப் பத்துப் பிள்ளைகள்

ஜனவரி 17, திங்கள்

மழை விட்டும் விடாமலும். ஆறாம் வகுப்பு அறையில் நாங்கள் நாலு குடும்பம். நடுவில் சேலை கட்டி மறைப்பு. கடல் ஊருக்குள் வந்த பிறகு நாங்கள் தங்கும் மூன்றாவது பள்ளிக்கூடம் இது. அப்பா நிவாரண அட்டைக்காகக் களுவாஞ்சிக்குடி போயிருக்கிறார்.

அடுத்த அறையில் இரண்டு பிள்ளைகளுக்குச் சின்னமுத்துக் காய்ச்சல். ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தம்பிக்குப் பத்து மாதம். ஒன்பதில் போட வேண்டிய ஊசி போடவில்லை. அம்மா அவன் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார், புள்ளி வந்துவிட்டதா என்று.

இன்று ஊசி போடும் மிஸ் வந்தார். சைக்கிள், தோளில் ஐஸ் பெட்டி. ஊசிக்கு வந்தது தம்பியோடு சேர்த்து மூன்றே பிள்ளைகள். மிஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை.

“ஒரு குப்பியில பத்துப் பேருக்கு மருந்து இரிக்கு, தங்கச்சி. கலக்கினா பின்னேரத்துக்குள்ள முடிக்கணும். மூணு பேருக்குப் போட்டுட்டு மிச்சத்த ஊத்தவா?”

“ஊத்துங்க மிஸ்,” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “ஆறு முகாமுக்கு நாலு குப்பிதான் தந்த. குளிர்ப்பெட்டி இருந்த கிளினிக்கக் கடல் கொண்டுபோயிட்டு. இஞ்ச ஊத்தினா, நாளைக்கு வேற ஏழு தாய்மாருக்கு இல்லையெண்டு நான்தானே சொல்லணும்.”

புதன்கிழமை திரும்ப வருவாராம். ஒன்பது பத்துப் பேர் சேர்ந்தால் குப்பியை உடைப்பாராம். அந்த ஏழு பேரிலும் ஒரு தம்பி இருப்பான்.

ஜனவரி 18, செவ்வாய்

ஊசிக்குப் பத்துப் பிள்ளை சேர்க்கக் கொப்பியோடு அறை அறையாகப் போனேன். அடிமட்டம் வைத்துக் கட்டம் போட்டிருந்தேன். பெயர், வயது, தகப்பன் பெயர், வீட்டில் எத்தனை பிள்ளைகள், மூத்தவருக்கு எத்தனை வயது. நிவாரணப் படிவத்தைப் பார்த்து அப்படியே.

கிடைத்தது நாலு பெயர். பிறகு ஒன்றும் இல்லை. உள்ளே குழந்தை அழுகிறது, “இஞ்ச சின்னப்புள்ள இல்ல” என்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு அறையில் பாக்கியம் அக்கா. கைக்குழந்தையும், என்னைவிடப் பெரிய மகனும். கொப்பியைப் பறித்துப் பார்த்து, என்மேல் திருப்பி எறிந்தார்.

“மூத்தவன்ட வயசு உனக்கு என்னத்துக்குகா? ஊசி அவனுக்கா போடப்போறாங்க? ஆரு உன்ன அனுப்பின?”

அப்போதுதான் விளங்கியது. சண்டைக்குப் பிள்ளை பிடிக்க வருகிறவர்களும் இதையேதான் கேட்பார்கள். எழுதிக்கொண்டு போவார்கள். இன்னொரு நாள் வருவார்கள். என்னையே பன்னிரண்டு என்று சொல்லச் சொல்லித்தான் அம்மா இரட்டைப் பின்னல் போடுகிறார். எனக்குப் பதினாலு.

அம்மா அடிக்கவில்லை. “பேரெழுதினவள் இவள்தான் எண்டு ஆரும் காட்டினா நான் என்ன செய்யிற, மனே?” என்று மட்டும் கேட்டார். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டோம். அந்த நாலு பேரும் இனி வருவார்களா தெரியாது.

மத்தியானம் சோறு, பருப்பு. சாப்பிடவில்லை.

ஜனவரி 19, புதன்

வெயில். பள்ளிக்கூடப் படலையில் நின்று, மிஸ் சைக்கிளை விட்டு இறங்க முதலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மிஸ் சைக்கிளை மதிலில் சாத்தினார்.

“அப்ப பேர் வேணாம். ஊசி போட்ட கார்டையும் தாய்மாரே வச்சிக்கட்டும். நான் ஆளுக்கொரு கோடு கீறுறன். கணக்குக் கேட்டா ஒபிசுல நான் பதில் சொல்றன்.”

மறுபடியும் அறை அறையாக. இந்தமுறை வெறுங்கை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

“பேரில்லாம போட்டா மருந்துக்கு ஆளத் தெரியுமா?” என்று ஒரு மாமா.

“சின்னமுத்து பேர் கேட்டா வந்த?” என்றார் அவர் மனைவி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நடந்தார்.

பதினொரு மணிக்கு ஒன்பது பேர். மிஸ் குப்பியை உடைத்தார். தம்பி ஏழாவது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார், அவன் மூடவில்லை.

ஒருவருக்கு மருந்து மிச்சம். மணி இரண்டானது. மிஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எட்டாம் வகுப்புப் பக்கம் போனார். நான் பின்னால், தூரத்தில்.

பாக்கியம் அக்கா வாசலை மறித்து நின்றார். மிஸ்ஸின் கையைப் பார்த்தார். பிறகு என் கையை.

“பேர் சொல்லமாட்டன்.”

“நான் கேக்கல்ல அக்கா. எத்தின மாசம்?”

“பதினொண்ணு.” பிள்ளையின் கையைத் தானே பிடித்துக் கொடுத்தார்.

குப்பி காலி. பத்துக் கோடு.

இப்போது பள்ளிக்கூடம் முழுக்க அழுகை. ஒன்று ஓய்ந்தால் அடுத்த அறையில் ஒன்று தொடங்குகிறது. ஒருவரும் அதட்டவில்லை.