இடது பக்கத்து வேலி

பிப்ரவரி 5, திங்கள்

புது மூக்குக்கண்ணாடி வந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, சமையலறை ஜன்னலின் அழுக்கு உட்பட. காலை முழுக்கத் துடைத்தேன். என் கணவர் ட்ரெவர் நாளிதழுக்குப் பின்னாலிருந்து, "பழைய கண்ணாடியே நல்லாருந்துச்சு" என்றார். இன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருடம் தபால்காரராக வாசல் வாசலாக நின்று வாயடித்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு அந்த வாயை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. வியாழக்கிழமை மதியம் மட்டும் அது திரும்பக் கிடைக்கும். பக்கத்து வீட்டு மால்கமோடு டாமினோ ஆட்டம். இரண்டு மணிக்குப் போவார், ஐந்து மணிவரை அங்கிருந்து அவர் சிரிப்பு இங்கே கேட்கும். நான் துணி மடித்துக்கொண்டே கேட்பேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

ராத்திரி அடித்த காற்றில் மால்கம் பக்கத்து வேலியில் இரண்டு மரத்தட்டிகள் பெயர்ந்து புளிப்புத் தண்டுக்காக நான் வளர்க்கும் ருபார்ப் செடிப் பாத்தியின் மேல் விழுந்து கிடக்கின்றன. கம்பம் ஒன்றும் முறிந்துவிட்டது. நான் வெளியே போனபோது மால்கம் அந்தப் பக்கம் டிரெஸ்ஸிங் கவுனில், கையில் டீயோடு நின்றார். முப்பது வருடத்தில் அவர் முழங்காலை நான் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"காத்து பலமா அடிச்சிருக்கு" என்றார்.

"பலம்தான்" என்றேன்.

இருவரும் தட்டியைப் பார்த்தோம். இருவரும் உள்ளே போய்விட்டோம்.

அது அவருடைய வேலி. இடது பக்கத்து வேலி வீட்டுக்காரருடையது என்பது இந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு இடது பக்கம் இருப்பது அந்தப் பக்கத்து வீட்டு ஜெஸ்ஸின் வேலி. அதற்கு நான்தான் ஒன்றுவிட்டு ஒரு கோடையில் சாயம் அடிக்கிறேன். மால்கமுக்கு இடது பக்கம் இருப்பது இது. முடிந்தது கதை.

பிப்ரவரி 15, வியாழன்

ஒரு வாரம் ஆகிறது. மால்கம் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. ட்ரெவர் டாமினோவுக்குப் போய் வந்தார்.

"வேலியப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

"நீ கேட்டியா?"

"ஆட்டம் மும்முரமா இருந்துச்சு."

பிப்ரவரி 19, திங்கள்

வேலியைச் சரிசெய்யச் சொல்லி மரியாதையாக ஒரு சீட்டு எழுதி மால்கம் வீட்டுக் கதவிடுக்கில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் சீட்டு வந்துவிட்டது. "அன்புள்ள ஹேசல், உங்கள் சீட்டுக்கு நன்றி. இடது பக்கம் என்பது ரோட்டில் நின்று வீட்டைப் பார்க்கும்போது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு இடது பக்கம் இருப்பது இந்த வேலிதான். அன்புடன், மால்கம்."

அன்புடனாம்!

பிப்ரவரி 20, செவ்வாய்

வேலி இருந்த இடத்தில் மால்கமோடு நேருக்கு நேர் நின்று பேசிவிட்டேன்.

"ரோட்டுல நின்னு யாரு வேலியப் பாக்குறா மால்கம்? தோட்டத்து வேலிய தோட்டத்துல நின்னுதானே பாக்கணும்?"

"வீட்டோட முகம் ரோட்டப் பாத்துதானே இருக்கு?"

"நான் முப்பத்தொரு வருஷம் டிரைவிங் சொல்லிக்கொடுத்தவ. எது இடது, எது வலதுன்னு இந்த ஊருக்கே நான்தான் சொன்னேன்."

"வண்டிக்கு ஸ்டீயரிங் இருக்கு மேடம். வேலிக்கு இல்ல."

அந்த மேடத்தில்தான் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "முப்பது வருஷமா வழவழன்னு இருக்குற பக்கத்த நீங்க வச்சுக்கிட்டு, குறுக்குக் கட்டையும் கம்பமும் தெரியற அசிங்கத்த எங்களுக்குக் காட்டுறீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். ட்ரெவர் பின்வாசலில் நின்றார். "நீயே சொல்லு, இது யாரு வேலி?" என்றேன். அவர் தன் செருப்பையே பார்த்தார். "ஹேசல் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

மால்கம் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆகட்டும்.

பிப்ரவரி 22, வியாழன்

ட்ரெவர் டாமினோவுக்குப் போகவில்லை. "இன்னைக்கு வேணாம்" என்றார். மால்கம் கூப்பிடவில்லை போலிருக்கிறது. ஒரு வேலிக்காகவா? எவ்வளவு அற்பம்!

பிப்ரவரி 29, வியாழன்

இன்றும் இல்லை. விழுந்த தட்டிகளை நான் நகர்த்தப் போவதில்லை. அவை சாட்சி.

மார்ச் 7, வியாழன்

ட்ரெவர் கொட்டகையில் இருந்த திருகாணிகளையெல்லாம் அளவுவாரியாகப் பிரித்து ஜாடிகளில் போட்டார். இரண்டு மணிக்குத் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

மார்ச் 14, வியாழன்

வீடு அமைதியாக இருக்கிறது. அமைதி வேண்டும் என்று நான் கேட்டேனா?

மார்ச் 18, திங்கள்

ஓர் அதிசயம். தட்டிக்கு அடியில் வெளிச்சமே இல்லாமல் என் ருபார்ப் தண்டுகள் இளஞ்சிவப்பாக, விரல் போல நீண்டு வளர்ந்திருக்கின்றன. யார்க்ஷையரில் இதற்கென்றே இருட்டுக் கொட்டகை கட்டி வளர்ப்பவர்கள் வெட்கப்பட வேண்டும். சாட்சியைக் கலைக்காமல் கையை மட்டும் உள்ளே விட்டு ஒரு கட்டு பறித்தேன். பாதியை ஜெஸ்ஸுக்குக் கொடுத்தேன்.

ஜெஸ் நல்ல பெண். புருஷனும் அவளுமாக இங்கே வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. "எவ்ளோ செய்றீங்க எங்களுக்கு! எங்க வேலிக்கு நீங்களே பெயிண்ட் வேற அடிச்சுத் தர்றீங்க" என்றாள்.

"உங்க வேலியா?"

"ஆமா. வீடு வாங்கறப்பவே வக்கீல் மேப்புல காட்டினாரே. ஒரு T போட்டிருந்துச்சு, எங்க பக்கம். மொத தடவ நீங்க பிரஷ்ஷோட வந்தப்ப சொல்லலாம்னுதான் நெனச்சோம். அப்புறம், பாவம், ரிட்டயர் ஆனவங்க, பொழுதுபோக்கா செய்றாங்க, நாம ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

பொழுதுபோக்கு!

மார்ச் 19, செவ்வாய்

மாடியில் கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிக்கு அடியில் வீட்டுப் பத்திரம் இருந்தது. வரைபடத்தில் எங்கள் மனை சிவப்புக் கோட்டுக்குள். ஜெஸ் பக்கம் ஒன்றும் இல்லை. மால்கம் பக்கக் கோட்டில், எங்கள் மனைக்குள்ளே, குட்டியாக ஒரு T.

புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். T-தான்.

வக்கீல் ஆபீசுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். "T யாரோட மனைக்குள்ள நிக்குதோ, வேலி அவங்க பொறுப்பு மேடம்."

"ஆனா இடது பக்கம்னு ஒரு சட்டம்..."

"அப்படி ஒரு சட்டமே கெடையாது. தினம் நாலு பேரு கேக்குறாங்க. இன்னொண்ணு பாருங்க, வேலி போடறவங்க மரியாதைக்கு நல்ல முகத்த அடுத்த வீட்டுக்குக் காட்டி, கட்டை தெரியற பக்கத்த தங்களுக்கு வச்சுக்குவாங்க. உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விழாமல் மிச்சமிருக்கும் தட்டிகளின் குறுக்குக் கட்டைகள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவற்றைத்தான் திட்டியிருக்கிறேன். எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர்கள் மால்கம் மனைக்குக் காட்டிய மரியாதை அது.

என் மூக்கு நன்றாக உடைபட்டது.

மார்ச் 20, புதன்

நாளைக்கு மால்கமிடம் சொல்லிவிடுவேன்.

மார்ச் 21, வியாழன்

சொல்லவில்லை. மழை.

மார்ச் 23, சனி

சொல்லவில்லை. மழையும் இல்லை.

மார்ச் 25, திங்கள்

மால்கம் வீட்டு முன்னால் கோட் போட்ட ஓர் ஆள் நாடா வைத்து அளந்துகொண்டிருந்தான். வீட்டை விற்கப் போகிறாராம். பிரிஸ்டலில் இருக்கும் மகள் கூப்பிடுகிறாளாம். ஜெஸ்தான் சொன்னாள். ட்ரெவரிடம் சொன்னேன். "அப்படியா" என்றார். எழுந்து போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். அதில் ஏற்கெனவே தண்ணீர் கொதித்து முடித்திருந்தது.

மால்கம் போய்விட்டால் இவருக்கு வியாழக்கிழமையே கிடையாது. நான்தான் காரணம். வேறு யாரைச் சொல்ல? ஒரு வார்த்தை, 'என் தப்பு' என்று ஒரே ஒரு வார்த்தை, அது ஏன் வாயிலிருந்து வரமாட்டேன் என்கிறது? முப்பத்தொரு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்கள் தப்பைத் திருத்தினேன். எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, அதனாலா?

மார்ச் 28, வியாழன்

காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். மால்கம். கையில் ஒரு கத்தைக் காகிதம், பேனா.

"வீடு விக்கிறவங்க நிரப்புற படிவம் ஹேசல். ரெண்டு கேள்விக்கு உங்கள கேக்காம பதில் எழுத முடியல" என்றார். சமையலறை மேசையில் உட்கார்ந்து வாசித்தார். "'ரோட்டிலிருந்து வீட்டைப் பார்த்து நிற்கும்போது'... இது அவங்களே போட்டிருக்காங்க, நான் போடல. 'வலது பக்க வேலி யார் பொறுப்பு?' வலது பக்கம்னா உங்க பக்கம்."

நான் மேசையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் துடைத்தேன்.

"அடுத்தது. 'பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா?' உண்டுன்னு போட்டா வாங்க வர்றவன் ஓடிடுவான். இல்லன்னு போட்டா பொய், பின்னால கேஸ் போடுவாங்களாம். காலைலேருந்து பேனாவும் கையுமா உக்காந்திருக்கேன்."

"வலது பக்கம், பக்கத்து வீடுன்னு எழுதுங்க" என்றேன். "அது எங்க வேலி. பத்திரத்துல பாத்துட்டேன். ஒம்பது நாளாச்சு."

"ஒம்பது நாளா?"

"மழை."

அவர் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தகராறுக்கு என்ன எழுதட்டும்?"

"இருந்துச்சு, தப்பு முழுக்க ஹேசலோடதுன்னு எழுதுங்க."

"ரெண்டு வரிதான் இடம் விட்டிருக்காங்க."

"பொடி எழுத்துல எழுதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். ஆனாலும் மனதில் கிடந்ததைக் கேட்டேன். "என்மேல கோவம், சரி. ட்ரெவர ஏன் கூப்பிடாம விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்?" பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வியாழனுக்கு வியாழன் போன் பண்ணேன். காய அடுக்கி வச்சுட்டு உக்காந்திருந்தேன். அவன்தான், 'ஹேசல் அங்க கோவமா இருக்கறப்ப நான் உன் வீட்டுல உக்காந்து சிரிச்சா நல்லாருக்காதுடா'ன்னுட்டான். பேச ஆளில்லாத வீட்ட வச்சுக்கிட்டு நான் மட்டும் என்ன பண்றது? பொண்ணு கூப்பிட்டா, சரின்னுட்டேன்."

அவர் போனதும் ட்ரெவரைக் கொட்டகையில் பிடித்தேன்.

"இது நம்ம வேலின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"வீடு வாங்கின அன்னைக்கே. வக்கீல் காட்டினாரு. உனக்கு அன்னைக்கு டிரைவிங் கிளாஸ் இருந்துச்சு."

"அப்ப ஜெஸ் பக்கத்து வேலிக்கு நான் வருஷக்கணக்கா பெயிண்ட் அடிச்சேனே?"

"சந்தோஷமா அடிச்சிட்டிருந்த."

"அன்னைக்கு மால்கம் முன்னாடி கேட்டேனே, ஏன் சொல்லல?"

"அவன் முன்னாடி உன்ன விட்டுக்கொடுக்க முடியுமா ஹேசல்?"

"அப்புறம் என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமில்ல?"

கையிலிருந்த திருகாணியை ஜாடியில் போட்டார். "நீ கேட்டிருப்பியா?" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார்.

ஐந்து வியாழக்கிழமைகள். அவருக்கென்று வாரத்தில் இருந்த ஒரே மூன்று மணி நேரம். என் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்காக, நான் தப்பு என்று தெரிந்தே, ஒரு வார்த்தை பேசாமல் விட்டிருக்கிறார். அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்க் கையில் கிடைத்த துணியைக் கொடுத்தார். அது எண்ணெய்த் துணி.

இரண்டு மணிக்கு அவருக்கு மேல்சட்டையை மாட்டிவிட்டு, டாமினோவுக்கு வெளியே தள்ளினேன்.

ஏப்ரல் 3, புதன்

புதுத் தட்டிகளுக்குக் கடையில் சொல்லியாயிற்று. கடைக்காரன் என்னிடம் லைசன்ஸ் எடுத்தவன். "இடது பக்கத்து வேலிதானே டீச்சர்?" என்றான். "வாய மூடிக்கிட்டு எழுதுப்பா" என்றேன்.

ஏப்ரல் 11, வியாழன்

வேலி நின்றுவிட்டது. டாமினோவைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று பேருமாகச் சேர்ந்து வேலை செய்தோம். வழவழப்பான பக்கம் மால்கமுக்கு. வீட்டு விற்பனையை இந்தக் கோடை முடியும்வரை நிறுத்தி வைத்திருக்கிறாராம். மகளுக்குக் கோபம். "படிவம் பத்திரமா இருக்கு, உங்க ரெண்டு வரியோட" என்றார்.

கடைசித் தட்டியை நான் ஒரு முனையில் பிடித்திருந்தேன். ட்ரெவர் கம்பத்தருகே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"சாயுது ஹேசல். உன் பக்கம் தாழ்ந்திருக்கு."

மால்கம் சட்டென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தார். 'நேராத்தான் இருக்கு' என்பது என் நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, விரலளவு தூக்கினேன்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

தூக்கினேன்.

"அவ்வளவுதான். சரியா இருக்கு."

சாப்பிடும்போது, என் கிரேவியில் உப்பு தூக்கல் என்றார் ட்ரெவர். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தானாம்.