கேட்டில் நின்றுபோன சம்மதம்

மதுரை,
ஆடி 27.

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், கம்ப்யூட்டரும் இப்போது சுகம். நீ சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இந்த மாதம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். ஜெர்மனியில் இன்னும் மழைதானா, தொண்டை வலி விட்டதா.

நேற்று நீ போனில் அழுதபோது அம்மா பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ரிசீவர் என் கைக்கு வந்ததும் ஆயிரம் சொல்ல நினைத்து, சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்டுவிட்டு அவளிடமே கொடுத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், உன் அம்மா நாலு நாளாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

கப்பலூர் மில்லில் உன் அப்பா கேட்டில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். உள்ளே வரும் லாரியை ஒரு பார்வை பார்த்து விட்டுவிடுவேன், வெளியே போகும் ஆளை மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டாமல் விட்டதில்லை. ஆனி மாதம் நம் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தபோது, கே.கே. நகரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற தவசி வந்து ஆண்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார். வருகிற மெயிலைச் சோதித்தால் போதும்ணே, நம்ம போன் லைன் நோஞ்சான் லைன், போறதையும் பிடிச்சு வச்சுச் சோதிச்சா பாதியிலயே நின்னுக்கிரும் என்று அவர் அப்போதே சொன்னார். யாரிடம் சொல்கிறார். கேட்டில் ஆள் போடுவதே வெளியே போவதைப் பார்க்கத்தான் என்று அவருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தி, அதையும் போட வைத்தேன். தவசி காபியைக் குடித்துவிட்டு, உங்க இஷ்டம்ணே என்று போய்விட்டார்.

அடுத்த வாரமே விஜய்ஆனந்தைப் பற்றி உன் மெயில் வந்தது. கூட வேலை பார்க்கிற பையன், நம்ம மதுரைதான், சௌராஷ்டிராக் குடும்பம், அப்பா சம்மதித்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி, சம்மதம் என்று பதில் போட்டேன். ஆடி பிறப்பதற்குள் நல்ல வார்த்தை போய்ச் சேர வேண்டும் என்று அவ்வளவு அவசரம் எனக்கு. அனுப்பும்போது ஒரு கட்டம் வந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது, ஸ்கேன் என்ற சொல் கண்ணில் பட்டது. சரி, கேட்டில் சோதனை முடிந்தது என்று கட்டத்தை மூடிவிட்டு, போன் பில் ஏறுமே என்று லைனையும் துண்டித்துவிட்டேன்.

அதோடு விட்டேனா. சம்மதம் ஆனியிலேயே போயாச்சு, இனி ஆடி முடிகிற வரைக்கும் கல்யாணப் பேச்சை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, எடுத்தால் விளங்காது என்று உன் அம்மாவுக்குச் சட்டம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு அப்பா மெயில் பார்த்தாரா என்று கேட்டதற்கு அவள், பாத்தாரு பாத்தாரு, ஆடி போகட்டும் என்று சொல்லிவிட்டு தக்காளி விலைக்குத் தாவினாள். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாள் என்று நான் மெச்சிக்கொண்டேன். அங்கே நீ அதை மறுப்பாக எடுத்துக்கொண்டது எனக்கு எப்படித் தெரியும். நீ மறுபடி மெயில் போட்டாய், நான் மறுபடி சம்மதம் என்று போட்டேன். மூன்றாம் தடவையும் நீ கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஒரு தடவை சொன்னால் உனக்குப் புரியாதா என்று காரசாரமாக ஒன்று எழுதினேன்.

போன வியாழக்கிழமை உன் கடைசி மெயில் வந்தது. உங்க மௌனம் புரியுதுப்பா, ஞாயித்துக்கெழம அவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிர்றேன் என்று. மௌனமா, நானா? பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன், போன் வயரைப் பிடுங்கிச் சொருகினேன், மானிட்டரைத் துடைத்தேன், அது எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. கடைசியில் தவசியிடம் ஓடினேன். அவர் வந்து அவுட்பாக்ஸ் என்ற ஒன்றைத் திறந்தார். நான் எழுதியது அத்தனையும் கேட் பாஸ் கிடைக்காத லாரிகளாக அங்கேயே வரிசையில் நின்றது. சோதனை பாதியில் நின்று நின்று ஒன்றுகூட வெளியே போகவில்லை. போற மெயில் சோதனைய எடுத்துரவாண்ணே என்று கேட்டார், சிரிக்காமல் கேட்டார், அதுதான் அவர் பெருந்தன்மை. எடுத்ததும் எல்லாம் பறந்தது. அந்தக் கோப மெயிலை மட்டும் நான் முதலிலேயே அழிக்கச் சொல்லிவிட்டேன். அந்த ஆண்டிவைரஸ் நிறுத்தியதில் உண்மையான விஷம் அது ஒன்றுதான்.

அப்படியும் மெயிலை நம்பாமல் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் உன் நம்பரைப் போட்டேன், நீ இல்லை, பேச்சைப் பதிந்து வைக்கிற மெஷின் எடுத்தது. ஆடியாவது ஒன்றாவது என்று அந்த மெஷினிடமே, சம்மதம்டா, கூட்டிட்டு வா என்று கத்தினேன். பூத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ அதைக் கேட்டுவிட்டாய் என்று நேற்றுத் தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போனில் சொல்ல வராததை இப்போது சொல்கிறேன். நம்ம சாதி தெரிந்தால் அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ, உங்களுக்குத் தலைகுனிவு வருமோ என்று எழுதியிருந்தாய். அதற்குப் பயந்துதான் அப்பா வாய் திறக்கவில்லை என்று நினைத்துவிட்டாய், அதுதான் எனக்கு ஆறவில்லை. உன்னைப் பெற்றவனுக்கு எதற்குத் தலைகுனிவு. ஆவணி பிறந்ததும் நானும் அம்மாவும் பையனின் அப்பா சௌரிராஜன் வீட்டுக்குப் போய் நாங்கள் யார் என்று நாங்களே சொல்லி, பையனைக் கேட்கப் போகிறோம். என் எதிரிலேயே அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டால் பேசட்டும், புரியாததற்குத் தலையாட்ட உன் அப்பாவுக்கு இப்போது நல்ல பழக்கம்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலைக்குக் குல்லா இல்லாமல் போகாதே. நீயும் அந்தப் பையனும் நூறாண்டு நன்றாக இருக்க எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதம். மறக்காமல் பதில் போடு, மெயிலிலேயே போடு. வெளியே போவதைத்தான் உன் அப்பன் கெடுத்தான், உள்ளே வர இந்த வீட்டில் ஒருநாளும் தடை இருந்ததில்லை. இதை விஜய்ஆனந்திடமும் சொல்.

கேட்டை விட்டு எழுந்துவிட்ட
உன் அப்பா,
கண்ணுச்சாமி.