அருள்ராணி பார்த்த ஓணான்

6 ஏப்ரல் 2025, ஞாயிறு
பூசை முடிந்து வந்தேன். சென்னையில் விலங்கியல் ஆய்வு செய்யும் என் தம்பி பேத்தி ஜாஸ்பின் வந்திருந்தாள். ஓர் உயிர் காணப்பட்ட இடங்களின் மழை, வெயில், மண், புதர் ஆகியவற்றைக் கணினிக்குக் கொடுத்தால், அது வேறெங்கு வாழக்கூடும் என வரைபடத்தில் சிவப்பாகக் காட்டுமாம். நிலமும் பொழுதும் அறிந்தால் கருப்பொருளைக் கூறிவிடலாம் என்னும் நம் பழைய இலக்கணமே இது என்றேன். "எங்க கைடுக்கு இவ்வளவு அழகா சொல்ல வராது தாத்தா" என்றாள்.

வரைபடத்தில் எங்கள் ஊரான ஆவூரும் சிவந்திருந்தது. இங்கே கண்டதாக ஒரு பதிவும் இல்லையாம். என்ன உயிர் என்றேன். படம் காட்டினாள். ஓணான். தொண்டையில் வெள்ளை விசிறி, நடுவே நீலக்கோடு.

அதன்பின் அவள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

7 ஏப்ரல்
என் மனைவி அருள்ராணி ஒரு கோடையில், கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னிருந்த பொட்டலில் விறகு பொறுக்கிவிட்டு ஓடி வந்தாள். "ஒரு ஓணான் தொண்டையில விசிறி விரிக்குதுங்க, வெள்ளையும் நீலமுமா. ஒரு நிமிஷம் வாங்களேன்." நான் செய்யுளுக்குச் சீர் பிரித்துக்கொண்டிருந்தேன். எழவில்லை. "ஓணானுக்குப் புழுக்கமா இருந்திருக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்திருந்த என் சக தமிழாசிரியர்கள் சிரித்தார்கள்.

அதன்பின் இறக்கும்வரை, இருபத்தைந்து ஆண்டுகள், தான் கண்ட எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை.

10 ஏப்ரல்
ஜாஸ்பினிடம் சொன்னேன். பழைய பதிவும் பயன்படுமாம்; நாளும் இடமும் வேண்டும். நாற்பதாண்டு நாட்குறிப்பு வைத்திருக்கிறேன், தேடித் தருகிறேன் என்றேன் — பெருமையோடு.

13 ஏப்ரல், குருத்து ஞாயிறு
கிடைத்தது. 1994 மே 17. ஒரு பக்கம் முழுதும் அசையும் சீரும். கடைசி வரி: "அருள்ராணி மதியத்திலிருந்து பேசவில்லை. காரணம் விளங்கவில்லை."

விளங்கலையா? ஒனக்கா விளங்கலை? பொய்யை எழுதி வச்சிருக்கியே.

17 ஏப்ரல்
ஜாஸ்பின் மூன்று காலைகள் அங்கே நடந்து பார்த்தாள். பொட்டல் இப்போது தைலமரக்காடு. சருகுதான் கிடக்கிறது என்றாள்.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு
கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்களின் சொல்லை ஆண்கள் நம்பவில்லை. ஆண்டுதோறும் கேட்ட செய்திதான். இன்று தலை நிமிர முடியவில்லை.

22 ஏப்ரல்
ஜாஸ்பின் தந்த பதிவுப் படிவத்தை நானே நிரப்பினேன். பார்த்தவர்: அருள்ராணி. உடன் பார்த்த சாட்சி உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. "ஒருவரை அழைத்தார். அவர் வரவில்லை" என்று எழுதினேன்.

ஜாஸ்பின் படித்துப் பார்த்தாள். பிறகு, "இல்லைன்னு போட்டாப் போதும் தாத்தா. கம்ப்யூட்டர் இதையெல்லாம் படிக்காது" என்றாள்.

இருக்கட்டும் என்றேன். அழிக்காமல் அனுப்பினாள்.